பப்பியின் ஊசியும் அத்தையின் எள்ளுருண்டையும்

எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினால் ஒரு டப்பா தட்டுப்படும். வட்டமான எவர்சில்வர் டப்பா. என் மாமியார், அதாவது நான் அத்தை என்று கூப்பிட்டவர், கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது தாய் வீட்டுச் சீரோடு கொண்டுவந்தது. மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். நசுங்கின பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நெம்பினால்தான் திறக்கும். போன மாதம் ஊரிலிருந்து வந்த என் தங்கை அரிசி எடுக்கப் போனவள், இதைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்னக்கா, நகையா?" என்று கண்ணை விரித்தாள். மருந்து என்றேன். அவள் நம்பவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை.

நான் உத்திரமேரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைக் குத்தி ரத்தம் எடுப்பதுதான் என் பிழைப்பு. ஆள் நடந்து வருகிற நடையைப் பார்த்தே சர்க்கரை எத்தனை என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு திமிர் அப்போது எனக்கு உண்டு. அந்தத் திமிரோடுதான் கல்யாணமான மூன்றாம் மாதமே என் மாமனாரின் விரலையும் குத்தினேன். நினைத்தபடியே சர்க்கரை இருந்தது. அன்றைக்கே வீட்டிலிருந்த சீனி டப்பாவையும் வெல்ல மூட்டையையும் அக்கம்பக்கத்துக்குத் தானம் செய்துவிட்டேன். மாமாவுக்கு மாத்திரை, ஏரிக்கரை மேல் காலை நடை, கஞ்சிக்கு உப்பு. புது மருமகள் அதிகாரம் பண்ணுகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை என் மாத்திரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. பஸ் ஏறிப்போய் ஒரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். மாமாவின் ஜாதகத்தில் சனி சரியில்லை, ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கருப்பு நாய்க்குச் சனிக்கிழமைதோறும் எள்ளுருண்டை கொடுத்தால் அவருடைய நோவு இறங்கும் என்று சொன்னாராம். ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கருப்பு நாய்க்கு எங்கே அலைவது? அலையவே வேண்டாம், வீட்டிலேயே இருந்தது. பப்பி. குட்டியாக வந்தபோது வைத்த பெயர், எட்டு வயதாகி வாயோரம் தளர்ந்த பிறகும் பப்பிதான். நகம், நாக்கின் ஓரம் எல்லாம் கருப்பு. களத்தில் நெல் காய்கிறபோது குவியல் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, ஆட்டை விரட்ட வேண்டிய நேரத்தில் ஆட்டோடு சேர்ந்து தூங்குகிற காவல்காரன். சனிக்கிழமை காலையில் அத்தை தலைக்குக் குளித்துவிட்டு பரிகாரத்துக்கென்று மட்டும் வெல்லம் வாங்கி உருட்டின எள்ளுருண்டையோடு பின்பக்கம் போனால், வாலை மட்டும் அல்ல, இடுப்போடு சேர்த்து உடம்பையே ஆட்டும்.

மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியது. மாத்திரையால் என்று நான் சொன்னேன். எள்ளுருண்டையால் என்று அத்தை சொன்னார். "வாரத்துக்கு ஒண்ணு குட்த்ததுக்கே இவ்ளோ கொறைஞ்சிக்கீதே, தெனம் குட்த்தா இன்னா?" என்று பரிகாரத்தைத் தினசரியாக மாற்றினார். மாத்திரை முழுங்கின மாமாவோ இருவரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு வயலுக்குப் போய்விடுவார். பொழுது இப்படி ஜாலியாகத்தான் போனது. பிறகு ஒருநாள் அத்தைதான் முதலில் கவனித்தார், நான் இல்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பப்பி சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு சாரிசாரியாக மொய்த்திருந்தது. "ஏம்மா, இங்க இன்னா இப்டி எறும்பு? யாராச்சும் பாயசத்த கொட்டிட்டாங்களா?" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக அந்த நாய் அண்டாத் தண்ணீரைக் காலி செய்துகொண்டிருந்தது, வைத்ததையெல்லாம் தின்றும் விலா எலும்பு தெரிந்தது. ஊருக்கெல்லாம் சர்க்கரை சொல்கிறவள், காலடியில் கிடக்கிற நாயைப் பார்க்கவில்லை.

மாடும் ஆடுமாக நிற்கிற கால்நடை மருத்துவமனைக்கு பப்பியை மொபெட்டில் முன்னால் நிறுத்திக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா சின்ன வயது. சினை மாட்டுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தவர் அப்படியே திரும்பி, "நாய்க்குச் சுகரா? கொஞ்சம் இருங்க, கையக் கழுவிட்டு வரேன்" என்றார். தன் பேராசிரியருக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசிவிட்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். மனிதர்களுக்குப் போடுகிற இன்சுலின்தான். காலையும் மாலையும், ஒரே நேரத்தில், சாப்பாடு இறங்கிய பிறகுதான் ஊசி. சாப்பிடாவிட்டால் தன்னைக் கேட்காமல் போடக் கூடாது. இனிப்பு அறவே கூடாது. விட்டுவிட்டால் முதலில் கண் போகும், பிறகு உயிரே போகும்.

வீட்டுக்கு வந்து இதை நான் சொன்னதும் அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பப்பியின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவருக்கு வந்தத இது வாங்கிக்கிச்சும்மா. நான்தான் குட்த்து குட்த்து இதும்மேல ஏத்திட்டேன். வாயில்லா ஜீவன்" என்று அழுதார். மாமாவின் சர்க்கரை நோய் எள்ளுருண்டை வழியாக நாய்க்கு இறங்கிவிட்டதாம்! நான் சிரித்துவிட்டேன். புன்னகை இல்லை, வாய்விட்டு. "நோயென்ன அத்தை, பஸ் மாறிப் போறதுக்கு?" என்று கிண்டல் வேறு. இனிமேல் எள்ளுருண்டையே கூடாது என்று சட்டமும் போட்டேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

காலை ஆறு மணி ஊசி என் பொறுப்பு, போட்டுவிட்டுப் பஸ் பிடிப்பேன். மாலை ஆறு மணிக்கு நான் லேபில் இருப்பேன், என் கணவருக்கோ ஷிப்ட் வேலை. மாமா ஊசியைப் பார்த்தாலே தோட்டத்துப் பக்கம் நழுவிவிடுவார். மிஞ்சியது அத்தை. "நானா? மாட்டவே மாட்டேன், கை நடுங்கும்" என்றவரை உட்காரவைத்து, மருந்தில்லாத ஊசியை வெண்டைக்காயில் குத்திப் பழக்கினேன். மருந்துப் புட்டியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும் என்றேன். அத்தைக்கு விளக்குத் திரி உருட்டி உருட்டிப் பழகின கை. நான் உருட்டியதைப் பார்த்து, "இன்னாம்மா, உருட்டச் சொன்னா சப்பாத்தி தேய்க்கிற?" என்று பிடுங்கிக்கொண்டார். ஒரு வாரத்தில் என்னைவிட நேர்த்தியாகப் போட்டார். விளக்கேற்றிவிட்டு, பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, "முருகா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி போய் வந்திருக்கும். பப்பிக்குத் தெரியவே தெரியாது. அதைவிடப் பெரிய காரியம், சனிக்கிழமை கவிச்சி வாசமே படாத அந்த வீட்டில், கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, பப்பிக்கென்று தனிச் சட்டியில் கோழியும் சுரைக்காயும் வேகவைத்தார். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டுதான். ஆனாலும் வேகவைத்தார்.

இவ்வளவு செய்தும் சர்க்கரை இறங்கவில்லை. எனக்கு லீவு சனிக்கிழமை. அன்றைக்கு மதியம் பப்பியின் காது மடலில் ஒரு பொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் முந்நூறுக்கு மேல். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்வேன், அவர் மருந்தைக் கொஞ்சம் ஏற்றுவார். ஆறு யூனிட்டில் தொடங்கியது எட்டானது, பத்தானது, பன்னிரண்டானது. "வீட்டுல யாராவது இனிப்பு கொடுக்கறாங்களா?" என்று அவர் கேட்டபோது, "சான்ஸே இல்ல மேடம், எங்க வீட்டுல இனிப்பே கிடையாது" என்று ரோஷத்தோடு சொன்னேன். மருந்தைக் குறை சொன்னேன், புட்டியைக் குறை சொன்னேன், அடிக்கடி போய் ஃப்ரிட்ஜ் மருந்தைச் சூடாக்குகிற கரண்டைக் குறை சொன்னேன், என் மீட்டரைக்கூட லேபுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். இந்தக் கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே பப்பியின் கண்ணில் பால் படர்ந்தாற்போல் வெள்ளை விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எட்டு வருஷமாக ஓடியாடிய முற்றத்தில், அது அண்டாவில் போய் முட்டிக்கொண்டு நின்றது. யாரோ வழியில் புதிதாக எதையோ வைத்துவிட்டதைப்போலத் திகைத்து நின்றது. அத்தை வந்து அண்டாவை ஓரமாக நகர்த்தி வைத்தார். மறுநாள் விடிகாலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

அந்தச் சனிக்கிழமை நான் ஆறு மணிக்கு எழுந்து ஊசி போட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டேன். லீவு நாளில் எனக்கு அந்தச் சோம்பல் உண்டு. பத்து மணி இருக்கும். "ஏம்மா! ஓடியா! பப்பி ஒருமாதிரியா கீது!" என்று கொல்லையிலிருந்து அத்தையின் குரல். ஓடினேன். பப்பி பின்னங்கால் பின்னித் தள்ளாடி, துவைகல்லில் சாய்ந்து, அப்படியே சரிந்து விழுந்தது. உடம்பெல்லாம் உதறல், வாயோரம் நுரை. காதைக் குத்திப் பார்த்தேன். முப்பத்தாறு. எப்போதும் முந்நூறு காட்டுகிற நாய்க்கு முப்பத்தாறு! சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, இன்னும் சில நிமிடம் போனால் உயிர் தங்காது. "சர்க்கரை! சீக்கிரம், சர்க்கரை கொண்டாங்க!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் ஞாபகம் வந்தது, இந்த வீட்டில் சர்க்கரை இல்லை. சீனி இல்லை, வெல்லம் இல்லை, தேன் இல்லை. எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டிய புண்ணியவதி நான்தான். கடைக்கு ஓடிவர நேரமில்லை.

அத்தை ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. பிறகு உள்ளே ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அரிசி டிரம்மின் மூடி தரையில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. கையெல்லாம் அரிசித் தவிடாக, நசுங்கின மூடி போட்ட டப்பாவோடு வந்து நின்றார். கட்டைவிரலால் அமுக்கி, நெம்பித் திறந்தார். உள்ளே எள்ளுருண்டைகள், அடியில் ஒரு கட்டி வெல்லம். வெல்லத்தைக் கடித்து, வாயிலேயே கரைத்து, விரலில் வழித்து பப்பியின் ஈறில் தேய்த்தார். நான் தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன், தொண்டைக்குள் போய் அடைக்காமல் இருக்க. கடித்துக் கரைத்து, தேய்த்து, மறுபடி கடித்து. "எந்திரிடா, எந்திரி என் ராஜா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, முதலில் நாக்கு அசைந்தது. பிறகு அந்த நாக்கே அத்தையின் விரலைத் தேடி நக்கியது. பிறகு தலை நிமிர்ந்தது. நாங்கள் இருவரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டோம்.

எழுந்து உட்கார்ந்த பப்பிக்குச் சோறு வைத்துக்கொண்டே, அத்தை எல்லாவற்றையும் சொன்னார். விடிகாலையில் வாசல் தெளிக்கப் போகும்போது, நான் எழுவதற்கு முன், தினமும் ஒரு எள்ளுருண்டையை அதற்குக் கொடுத்திருக்கிறார். நிறுத்தினால் நோவு திரும்ப மாமாவிடம் வந்துவிடும். கொடுத்தால் நாய் தாங்காது. ஊசி போட்டால் நாய் தாங்கிக்கொள்ளும், எள்ளுருண்டையால் புருஷனும் பிழைப்பார் என்று ஒரு கணக்கு. இத்தனை மாதம் இரண்டு உயிரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நேற்று அது அண்டாவில் முட்டியதைப் பார்த்ததும் மனசு விட்டுப்போய், "அவருக்கு வர்றது அவருக்கே வரட்டும், இத விட்டுடு" என்று சாமியிடம் சொல்லிவிட்டு, அன்று காலை முதல்முறையாக எள்ளுருண்டையை நிறுத்தியிருக்கிறார். எள்ளுருண்டைக்குத் தோதாக ஏற்றி ஏற்றி வைத்த பன்னிரண்டு யூனிட், எள்ளுருண்டை இல்லாத உடம்பில் போய் வேலையைக் காட்டிவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன்.

"சொன்னா நீ சிரிப்ப" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னார். எனக்குச் சுரீர் என்றது. அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாமா என்று தோன்றியது, வெட்கமாக இருந்தது, அதனால் கட்டிக்கொண்டு அழுதேன். "தோ பாரு, நல்லா கீற நாய்க்கு எதிர்ல ஒப்பாரி வெக்கிற" என்று என் முதுகைத் தட்டினார்.

அழுகை ஓய்ந்ததும் அத்தை டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "வியாழக்கெழம இருவது உருட்டி வெச்சேன். பப்பிக்கு நேத்து ஒண்ணு. பத்தொம்பது இருக்கணும். பதினொண்ணுதான் கீது." இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பின்தாழ்வாரத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா, ஓட்டுச் சந்து வழியாக வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாலு மாதமாக, கை வலி, கால் வலி, அறுவடை என்று, விரலில் குத்துகிற என் ஊசிக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். நான் எழுந்துபோய் விரலைப் பிடித்துக் குத்தினேன். முந்நூற்றுப் பத்து.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஏங்க, உங்குளுக்காக நான் பண்ண பரிகாரத்த நீங்களே துன்னுப்புட்டா அது எப்டிங்க பலிக்கும்?"

மாமா குத்துப்பட்ட விரலை ஆராயத் தொடங்கினார். எனக்குத்தான் சிரிப்பு பீறிட்டது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டு அத்தையைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் கண்ணாரக் கண்டேன். "அப்ப இதோட நோவு இதோடதுதான். உங்க நோவு எங்கயும் போவல, உங்ககிட்டதான் கீது" என்றார், ஏதோ தொலைந்த பொருள் கிடைத்துவிட்டதுபோல.

அன்று மதியமே மூவருமாக ஆட்டோவில் டாக்டரம்மாவிடம் போனோம். மூவர் என்றது பப்பியைச் சேர்த்து. அத்தையே முன்னால் போய், "நான்தாம்மா தெனம் எள்ளுருண்ட குட்த்தேன்" என்று ஒப்புக்கொண்டார். டாக்டரம்மா திட்டவில்லை. மருந்தை முதலிலிருந்து ஆறு யூனிட்டாகக் குறைத்தார். வெல்லத்தை ஈறில் தேய்த்ததுதான் உயிரைக் காப்பாற்றியது, இன்சுலின் போடுகிற வீட்டில் ஒரு கட்டி வெல்லம் எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்றார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். வருகிற வழியெல்லாம் அந்தப் பெருமையிலேயே வந்தார். அன்றிலிருந்து டப்பா அரிசிக்குள்ளேயே இருந்தது, உள்ளே வெல்லம் மட்டும்.

பப்பி அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தது. பார்வை திரும்பவில்லை, ஆனால் உடம்பு தேறிவிட்டது. நாங்களும் வீட்டில் ஒரு சாமானைக்கூட இடம் மாற்றாமல் வாழப் பழகிக்கொண்டோம். மாமாவுக்கும் மாத்திரை போதாமல் இன்சுலின் வந்தது. மாலை ஆறு மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் பப்பி எங்கிருந்தாலும் வந்து அத்தையின் முன்னால் உட்காரும். மாமா எங்கிருந்தாலும் எழுந்து போவார். "அதுக்குக் கண்ணு தெரியாது, அது வந்து ஒக்காந்துக்கினு கீது. உங்குளுக்கு இன்னா?" என்று அத்தை குரல் கொடுத்ததும் திரும்பி வருவார். முதலில் அதற்கு, பிறகு இவருக்கு. வேறு வேறு ஊசி, ஒரே "முருகா". நான் லீவில் இருக்கிற சனிக்கிழமைகளில் ஓரமாக உட்கார்ந்து இதை வேடிக்கை பார்ப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெதையும் பார்த்ததில்லை. அத்தை எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் சிரிப்பது என்பதையும் அந்த வருஷங்களில்தான் பழகினேன்.

பப்பி ஒரு தை மாத வெயிலில், நெல் குவியல் மேல் படுத்தபடியே போயிற்று. அத்தை போன வருஷம் போனார், நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இப்போது இரண்டு வேளை ஊசியும் நான்தான் போடுகிறேன். நேரத்தை மாற்றிக்கொண்டேன். "உங்க அத்த போட்டா தெரியாது" என்று மாமா தினமும் ஒரு தடவை சொல்லிவிடுவார்.

போன மாதம், என் தங்கை வந்துவிட்டுப் போன மறுவாரம், அறுவடை மிஷின் வந்த சனிக்கிழமை, எனக்கு லீவு. ஊசி போட்டதும் சாப்பிட உட்கார்ந்த மாமா, மிஷின் சத்தம் கேட்டதும் இரண்டே வாயோடு எழுந்து வயலுக்குப் போயிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. வெயில் ஏறின பிறகு வியர்வையில் குளித்தபடி வாசலில் வந்து நின்றார். கை நடுங்கியது, பேச்சு குழறியது, கட்டிலில் சரிந்தார். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. கை அதுவாகவே அரிசிக்குள் போனது. டப்பாவின் விளிம்பு விரலில் தட்டியதும், கட்டைவிரல் நசுங்கின பக்கத்தை அதுவாகவே அமுக்கியது. அத்தை கடைசியாகப் படுப்பதற்கு முன் வாங்கிவைத்த வெல்லத்தில் மிச்சம் ஒரு கட்டி இருந்தது. கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டினேன். இரண்டு வாய், மூன்று வாய். கண்ணிமை அசைந்தது. பார்வை என் முகத்துக்கு வந்தது, அங்கிருந்து என் கையிலிருந்த டப்பாவுக்குப் போனது, அங்கேயே நின்றது. அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. காதைக் கொண்டுபோனேன்.

"எள்ளு போடலியா?" என்றார்.

அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார். சாப்பிடவைத்துவிட்டு, சாயங்காலமே கடைக்குப் போய் வெல்லம் வாங்கிவந்தேன். சின்னச் சின்னக் கட்டியாக உடைத்து டப்பாவில் போட்டு, மூடியை அமுக்கி, அரிசிக்குள் பழைய இடத்திலேயே புதைத்தேன். ஒன்பது கட்டி. எண்ணி வைத்திருக்கிறேன் என்பதை மாமாவிடமும் சொல்லிவைத்தேன்.